கணவரையும் அழைத்து வாருங்கள்

வாசகியர் கேள்விகளுக்கு ஒரு மகப்பேறு மருத்துவரின் பதில்கள்

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் எழுதலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பல, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதப்பட்டவை. எழுதியவர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். காவிரிக் கரையோர ஊர் ஒன்றில் 32 ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். திருக்கருகாவூர் அம்மனைப் பார்த்துவிட்டு, கையில் பிரசாத நெய்யோடு நேராக என் அறைக்கு வருகிறவர்களும் உண்டு. அவர்களிடம் சொல்வதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன். யாருடைய பெயரையும் வெளியிடவில்லை.

எனக்கு 29 வயது. திருமணமாகி நான்கு வருடம். சினைப்பையில் நீர்க்கட்டி என்றார்கள். மாதவிலக்கு 40 நாளுக்கு ஒருமுறை வரும், சில சமயம் 50 நாள்கூட ஆகும். 14-ஆம் நாள் சேர வேண்டும் என்று அக்கா சொன்னாள். ஒரு மாதம்கூட அந்த நாளைத் தவறவிட்டதில்லை. ஆனாலும் கரு நிற்கவில்லையே, டாக்டர்?
— வாசகி, தேனி மாவட்டம்

உங்கள் மீது ஒரு தவறும் இல்லையம்மா, கணக்கில்தான் தவறு. 14-ஆம் நாள் என்பது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு ஆகிறவர்களுக்கான கணக்கு. கருமுட்டை வெளிவருவது, அடுத்த மாதவிலக்குக்கு ஏறக்குறைய 14 நாள் முன்னால். அதாவது பின்னாலிருந்து எண்ண வேண்டும். 40 நாள் சுற்று என்றால் 26-ஆம் நாளையொட்டி, 50 நாள் என்றால் 36-ஆம் நாளையொட்டி. உங்கள் உடம்பில் முட்டை வெளிவருவதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நீங்கள் காத்திருந்து முடித்துவிட்டீர்கள்.

முட்டை உயிரோடு இருப்பது ஒரு நாள்தான், சில சமயம் அதற்கும் குறைவு. ஆனால் விந்தணு பெண்ணின் உடலில் ஐந்து நாள் வரை தாங்கும். ஆகவே முட்டை வருவதற்கு முந்தைய ஐந்து நாட்களும் வரும் நாளும்தான் பயன்படும் நாட்கள். வெள்ளைப்படுதல் முட்டையின் வெள்ளைக்கரு போல வழவழப்பாக, விரலில் எடுத்தால் நூல் போல நீள்கிறது என்றால் அந்த நாட்கள் வந்துவிட்டன என்று பொருள். மருந்துக்கடையில் கிடைக்கும் முட்டை வெளியேற்றப் பரிசோதனைப் பட்டைகளை நீர்க்கட்டி இருப்பவர்கள் முழுதாக நம்ப வேண்டாம். முட்டை வராமலேயே அவை கோடு காட்டிவிடும். நாள் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சேர்ந்திருங்கள். 'இன்றைக்கு மட்டும்தான்' என்று ஒரே இரவில் எல்லாப் பாரத்தையும் ஏற்றினால் கணவருக்கு உடம்பே ஒத்துழைக்காமல் போகும். இதை என்னிடம் தலைகுனிந்து சொல்லும் ஆண்கள் நிறையப் பேர். பிறகு காலைத் தூக்கிச் சுவரில் வைப்பது, தலையணை வைத்துப் படுப்பது எதுவும் தேவையில்லை. எழுந்ததும் திரவம் வழிந்தால், எல்லாம் போய்விட்டதே என்று அழவும் வேண்டாம். போக வேண்டிய அணுக்கள் அதற்குள் கருப்பை வாயைத் தாண்டியிருக்கும்.

நீர்க்கட்டி என்று நாம் சொல்வது கட்டியே அல்ல, வளர ஆரம்பித்துப் பாதியில் நின்றுபோன முட்டைப் பைகள். அறுத்தெடுக்க அதில் ஒன்றும் இல்லை. எடை கூடுதலாக இருந்தால் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு முட்டை தானாக வர ஆரம்பிக்கும். 80 கிலோ இருப்பவர் 4 கிலோ குறைப்பதிலிருந்து தொடங்கலாம், 55 கிலோவுக்கு வந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் நான்கு வருடம் ஆகிவிட்டதால் எடையை மட்டும் நம்பி இன்னும் ஒரு வருடத்தைக் கழிக்காதீர்கள். மருத்துவர் லெட்ரோசோல் எழுதித் தரலாம். இன்டர்நெட்டில் தேடினால் மார்பகப் புற்றுநோய் மாத்திரை என்று வரும். அதைப் பார்த்துப் பயந்து குப்பையில் போட்டுவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். இந்தியாவில் 2011-இல் குழந்தைப்பேறு சிகிச்சைக்கு இதைத் தரக் கூடாது என்று தடை இருந்தது. 2017-இல் அது நீக்கப்பட்டது. இன்றைக்கு உலகெங்கும் நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு முதலில் கொடுக்கும் முட்டை வளர்ச்சி மாத்திரை இதுதான். ஐந்து நாள் சாப்பிட்டு, ஸ்கேனில் முட்டைப் பை 18 முதல் 20 மில்லிமீட்டர் வந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கேட்டது என்று வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

ஃபோலிக் அமில மாத்திரையை இன்றே தொடங்குங்கள். கரு உருவாகி நான்கு வாரத்திற்குள், பெரும்பாலும் நமக்குத் தெரிய வருவதற்கு முன்பே, குழந்தையின் தண்டுவடம் மூடிவிடுகிறது. நாள் தள்ளிப்போன பிறகு தொடங்கினால் தாமதம். ஒரு நாளைக்கு 400 மைக்ரோகிராம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்கள், வலிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள், முன்பு தண்டுவடக் குறைபாட்டோடு குழந்தை பிறந்தவர்கள், இவர்களுக்குத்தான் 5 மில்லிகிராம். அதை மருத்துவர் சொல்வார்.

எனக்கு 33 வயது. கல்யாணமாகி ஏழு வருடம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே, வயிற்றில் துளையிட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பி எல்லாம் எனக்கு எடுத்தாயிற்று. எல்லாம் சரியாக இருக்கிறதாம். கணவர் பரோட்டா மாஸ்டர். 'எனக்கு என்ன குறை' என்று பரிசோதனைக்கு வர மறுக்கிறார். மாமியாரும் அவரை எதற்கு அலைக்கழிக்கிறாய் என்கிறார்.
— வாசகி, விருதுநகர்

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஒரு மஞ்சள் பை நினைவுக்கு வந்தது. சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் அதைக் கொண்டுவந்து என் மேஜையில் கவிழ்த்தார். ஒன்பது வருடச் சீட்டுகள். மடித்து மடித்து ஓரம் கிழிந்த ஸ்கேன் காகிதங்கள், எழுத்து மங்கிப்போன ரசீதுகள், கறுப்பு எக்ஸ்ரே படங்கள் மூன்று. கருக்குழாய்ப் பரிசோதனையை மட்டும் மூன்று முறை செய்திருந்தார்கள். ஊர் மாறி மருத்துவர் மாறும்போதெல்லாம் மறுபடியும் முதலிலிருந்து. ஒவ்வொன்றாகத் தேதிவாரியாக அடுக்கினேன். அடுக்கி முடித்தபோது மேஜையில் ஒன்றே ஒன்று இல்லை. ஒன்பது வருடத்தில் அவருடைய கணவரின் பெயரில் ஒரு சீட்டுகூட இல்லை. சில நூறு ரூபாயில் முடிகிற விந்துப் பரிசோதனையை யாரும் கேட்கவில்லை. அதற்குள் அந்தப் பெண்ணின் வயிற்றில் மூன்று தழும்புகள்.

குழந்தை இல்லாத தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் ஒரு காரணம் இருக்கிறது, தனியாகவோ பெண்ணின் காரணத்தோடு சேர்ந்தோ. கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை, வலி இல்லை. அதனால் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய பரிசோதனை அது. என் அறைக்குத் தனியாக வரும் பெண்ணிடம், அடுத்த முறை கணவரையும் அழைத்து வாருங்கள் என்று சொல்லித்தான் அனுப்புகிறேன். அவர் வரும் வரை பெண்ணுக்கு ஊசி வழியாகவோ கருவி வழியாகவோ எதையும் தொடங்குவதில்லை.

உங்கள் கணவரிடம் குறை என்ற சொல்லையே எடுக்காதீர்கள். 'நாள் முழுக்க அடுப்புக்கு முன்னால் நிற்கிறீர்கள், அந்தச் சூடு ஏதாவது செய்திருக்கிறதா என்று பார்த்துவிடுவோம்' என்று சொல்லுங்கள். இது சமாதானப் பேச்சு அல்ல. விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே அதற்கு உடல் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாகத் தேவை என்பதால்தான். தோசைக்கல், கொதிகலன், லாரி இன்ஜின், மடியில் வைத்த லேப்டாப், இறுக்கமான ஜட்டி எல்லாமே அந்தச் சூட்டைக் கூட்டும். புகை, குடி, உடம்பைப் பெருக்க ஜிம்மில் கொடுக்கும் ஹார்மோன் ஊசி, இவை எண்ணிக்கையை இன்னும் கீழே தள்ளும். அந்த ஊசி ஆண்மையைக் கூட்டும் என்று நினைத்துப் போட்டுக்கொண்டு, அணுவே இல்லாமல் வந்து நிற்கும் இளைஞர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன்.

பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். முடிந்தால் ஆய்வகத்திலேயே கொடுப்பது நல்லது. கூச்சமாக இருந்தால் வீட்டிலிருந்து, அவர்கள் தரும் டப்பாவில் மட்டும், ஒரு துளியும் சிந்தாமல். குறிப்பாக முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்திற்குள் சேர்த்துவிட வேண்டும். ஒருவர் 40 கிலோமீட்டர் தூரத்துக் கிராமத்திலிருந்து, பால் கெட்டுவிடும் என்பதுபோல நினைத்து, பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தார். அசைவு பூஜ்யம் என்று அறிக்கை வந்தது. அவர் மனைவியைப் பார்க்கவே முடியாமல் வராந்தாத் தூணோடு நின்றுகொண்டிருந்தார். விசாரித்தபோதுதான் ஐஸ் விஷயம் தெரிந்தது. பத்து நாள் கழித்து இங்கேயே கொடுத்தார், பாதிக்கு மேல் நன்றாக ஓடின. ஆகவே ஒரு அறிக்கையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். கடும் காய்ச்சல் வந்திருந்தாலும் அதன் பாதிப்பு இரண்டு மூன்று மாதம் தெரியும். ஒரு விந்தணு உருவாக 70 நாளுக்கு மேல் ஆகிறது. பழக்கத்தை இன்று மாற்றினால் பலனை மூன்று மாதம் கழித்துத்தான் பார்க்கலாம்.

எண்களைப் படிக்கவும் தெரிந்துகொள்ளுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 அளவுகோலின்படி ஒரு மில்லிலிட்டரில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அதில் 42 சதவீதம் அசைவு இருந்தால் கீழ் எல்லையைத் தாண்டிவிட்டது என்று பொருள். நல்ல வடிவம் வெறும் 4 சதவீதம் என்று இருந்தால் பதற வேண்டாம், 4 சதவீதமே போதும். அணுவே இல்லை என்று வந்தாலும் கதவு அடைபடவில்லை. பாதையில் அடைப்பு இருந்தால் விதையிலிருந்தே ஊசி மூலம் எடுக்க முடிகிறது.

உங்களிடம் ஏழு வருட அறிக்கைகள் இருக்கின்றன. எட்டணா நூலில் கட்டிவைத்திருந்தாலும் சரி, நாளைக்கே ஒரு ஃபைல் வாங்கித் தேதிவாரியாக அடுக்குங்கள். முதல் பக்கத்தில் ஒரு தாளில், எந்த வருடம் என்ன செய்தார்கள், எந்த மருந்து எத்தனை மாதம், என்ன ஆயிற்று என்று நீங்களே எழுதி வையுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் செய்ததையே திரும்பச் செய்ய விடாமல் அந்த ஒரு தாள் காக்கும்.

வயது 34. ஏ.எம்.எச். என்ற ரத்தப் பரிசோதனையில் 0.9 என்று வந்திருக்கிறது. முட்டை தீர்ந்துவிட்டது, உடனே தானமாக முட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள்.
— வாசகி, கோவை

தீரவில்லை. அந்தப் பரிசோதனை, முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று தோராயமாகச் சொல்கிறது. முட்டையின் தரத்தைச் சொல்லாது, இயற்கையாகக் கரு உண்டாகுமா என்பதையும் அது ஒன்றே சொல்லிவிடாது. முட்டை வளர ஊசி போட்டால் எத்தனை கிடைக்கும் என்று கணிக்கத்தான் அது முதன்மையாக உதவும். உங்களுக்குக் குறைவாகக் கிடைக்கலாம். தரம் உங்கள் வயதோடு போகிறது, 34 வயது இன்னும் நல்ல வயதுதான். ஆனால் காத்திருக்கவும் நேரமில்லை. 35-ஐத் தொட்டவர்கள் ஆறு மாதம் முயன்றும் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் விதி, ஒரு வருடம் என்பது அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு. சொந்த முட்டையில் முயன்று பார்க்காமல் ஏன் தானம் என்று அவர்களிடம் நேராகக் கேளுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள்.

2021-இல் வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி ஒவ்வொரு மையமும் பதிவு செய்திருக்க வேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. சிகிச்சை பெறும் பெண்ணுக்கு 21 முதல் 50 வயது வரை, ஆணுக்கு 55 வரை. முட்டை தரும் பெண் 23 முதல் 35 வயதுக்குள் இருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே முறைதான் தரலாம். மொத்தச் செலவில் ஊசி மருந்து, கரு உறைய வைத்தல், ஸ்கேன் எல்லாம் அடங்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். நகையை அடகு வைத்த பிறகு 'இது தனி' என்று சொன்னால் தாங்க மாட்டீர்கள். சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையிலும் செயற்கைக் கருத்தரிப்பு மையம் இருக்கிறது. பணம் இல்லாதவர்கள் அங்கே விசாரியுங்கள்.

சஷ்டி விரதம் இருக்கிறேன். தைராய்டு மாத்திரையை ஆறு நாள் நிறுத்தலாமா?
— வாசகி, திருச்செந்தூர்

நிறுத்தக் கூடாது. அது உணவு அல்ல, தண்ணீரோடு விழுங்கினால் விரதம் கெடாது. மற்ற நாட்களிலும் வெறும் வயிற்றில் சாப்பிட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். விரதத்தில் தண்ணீரையும் விட்டுவிடாதீர்கள், முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

ஒன்பது வாரத்தில் கரு கலைந்துவிட்டது. குடத்தைத் தூக்கினதால்தான் என்கிறார்கள். மறுபடி எப்போது முயலலாம்?
— வாசகி, புதுக்கோட்டை

குடத்தால் அல்ல. மாடிப்படியால் அல்ல, பப்பாளித் துண்டால் அல்ல, அன்றைக்கு நீங்கள் அழுததாலும் அல்ல. ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதி, குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. முட்டையும் அணுவும் சேர்ந்த அந்த நிமிடத்திலேயே அது முடிவாகிவிடுகிறது. இதை உங்களிடம் குடத்தைப் பற்றிச் சொன்னவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

ஒரு மாதவிலக்கு வந்துபோகட்டும், தேதிக் கணக்குக்கு வசதி. அதன்பின் மனம் ஒப்பினால் முயலலாம், ஆறு மாதம் காத்திருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கருக்குழாயில் தங்கிய கருவுக்கு மெத்தோட்ரெக்சேட் ஊசி போட்டிருந்தால் மட்டும் மூன்று மாதம் கட்டாயம் பொறுக்க வேண்டும். உங்கள் ரத்தம் நெகட்டிவ் வகையா என்று பாருங்கள். அப்படியென்றால், அடுத்த கருவைக் காக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்று கேளுங்கள். இரண்டாவது முறையும் கலைந்தால் காரணம் தேடும் பரிசோதனைகளைச் செய்துவிட வேண்டும்.

ஐ.வி.எஃப். என்ற செயற்கைக் கருத்தரிப்பு செய்து கரு வைத்திருக்கிறார்கள். கட்டிலை விட்டு இறங்கவே பயமாக இருக்கிறது. தும்மினால்கூட விழுந்துவிடுமோ என்று தோன்றுகிறது.
— வாசகி, சேலம்

எள்ளுருண்டையைக் குலுக்கினால் உள்ளே இருக்கும் எள் உதிருமா? கருப்பை காலிப் பானை அல்ல. அதன் இரண்டு சுவர்களும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அந்த ஒட்டலுக்குள்தான் கரு இருக்கிறது. எழுங்கள், நடங்கள், சமையுங்கள், குளியுங்கள். நாள்கணக்கில் படுத்துக் கிடப்பதால் வாய்ப்புக் கூடுவதில்லை. இடையில் துளி ரத்தம் பட்டால் எல்லாம் முடிந்தது என்று, கருவைத் தாங்கக் கொடுக்கும் புரோஜெஸ்டிரோன் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொன்ன பிறகுதான் நிறுத்த வேண்டும். அதற்கு முன் வீட்டில் சிறுநீர்ப் பரிசோதனை வேண்டாம். முட்டை முதிரப் போட்ட ஊசியின் மருந்து உடம்பில் மிச்சமிருந்தால் பொய்க் கோடு விழும். வயிறு உப்பி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் மட்டும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போங்கள், இரவானாலும்.

நாத்தனாருக்கு வளைகாப்பு. நான் வரக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனால் வளையல் அடுக்கும்போது யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
— வாசகி, மயிலாடுதுறை

என் மகள் பிறந்தது திருமணமாகி ஆறு ஆண்டுகள் கழித்து. அந்த ஆறு ஆண்டும் நான் பிரசவ அறையில்தான் வேலை செய்தேன். விடியற்காலை ஒரு குழந்தையைத் துடைத்துத் தாயின் மார்பில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்தால் தெருவில் கேட்பார்கள், 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று. கையுறையைக் கழற்றிய ஈரம்கூட விரலில் காய்ந்திருக்காது. ஒரு வளைகாப்புக்கு நானும் போனேன். சந்தனக் கிண்ணம் என்னைத் தாண்டி அடுத்தவர் கைக்குப் போயிற்று. அது இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதன்பிறகு இரண்டு வருடம் எந்த வளைகாப்புக்கும் நான் போகவில்லை. பணி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பரிசை மட்டும் கொடுத்தனுப்பினேன். நீங்களும் அப்படிச் செய்யலாம், அதில் பொறாமையும் இல்லை, பாவமும் இல்லை. போக வேண்டியே வந்தால் கணவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். நீங்கள் கண்ணைக் காட்டியதும் 'கிளம்பலாமா' என்று கேட்கும் பொறுப்பு அவருடையது.

நான் மாமியார். மருமகளுக்கு அடுத்த மாதம் சிகிச்சை தொடங்குகிறது. என்ன கேட்டாலும் அவள் பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். நான் நல்லதுக்குத்தான் கேட்கிறேன்.
— வாசகி, திருவாரூர்

நம்புகிறேன் அம்மா. ஆனால் மாதா மாதம் 'தலைக்குக் குளித்துவிட்டாயா' என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு முன்பே அவள் குளியலறையில் ஒரு முறை அழுது முடித்திருப்பாள். உறவுக்காரர்கள் கேட்டால் அவளைப் பேச விடாமல் நீங்கள் முந்திக்கொண்டு, 'நேரம் வரும்போது நாங்களே சொல்கிறோம்' என்று முடித்துவிடுங்கள். ஸ்கேனுக்கு அதிகாலையில் போக வேண்டியிருக்கும், அன்றைய சமையலை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகனையும் கூடவே அனுப்புங்கள். நீங்கள் சொன்னால் அவர் லீவு போடுவார்.

கரு வைத்த பிறகு சிலருக்கு எண்ணெயில் கலந்த புரோஜெஸ்டிரோன் ஊசியைத் தினமும் இடுப்பில் போடுவார்கள். நாலைந்து நாளில் அந்த இடம் கல் போலக் கட்டிக்கொள்ளும், ஒருக்களித்துப் படுக்க முடியாது. வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, முதலில் உங்கள் கையில் வைத்துச் சூடு பாருங்கள். பொறுக்கும் சூடாக இருந்தால் கட்டிய இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் ஒத்தடம் கொடுங்கள். அப்போது எதுவும் கேட்க வேண்டாம். அவளாகப் பேசினால் கேட்டுக்கொள்ளுங்கள்.